வாசலில் நின்று கூப்பிட்டவர்

நான் ஒரு மனிதரின் வலது கண்ணை அடித்துக் கெடுத்தேன். அது எப்படி நடந்தது என்று கேட்ட ஆஸ்பத்திரிப் படிவத்தில், என்னுடைய அழகான ஆங்கிலக் கையெழுத்தில், அவர் படியில் தடுக்கி விழுந்தார் என்று எழுதினேன். அவர் மிச்சமிருந்த கண்ணால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கீழே ஒப்பமிட்டார். இரண்டில் எது பெரிய குற்றம் என்று ஆறு வருடங்களாக யோசித்திருக்கிறேன். அடித்தது ஒரு கணத்தில் முடிந்தது. எழுதும்போது எனக்குக் கால் மணி நேரம் இருந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். எதையும் கேட்காமல் எடுக்காதவர் அவர். பெயரை எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. இனிக் கேட்கிற முகமும் எனக்கில்லை.

முதலில் அவரைக் கண்டது, நாங்கள் வந்து குடியேறிய நகரத்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். பொங்கல் விழாவுக்கு வந்த எங்கள் ஆட்கள் தாங்கள் எடுத்த படங்களைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கடற்கரையில் சூரியன், தொட்டிலில் பேரப்பிள்ளை, பனி மூடிய மலை. மூலையில் நாலு படங்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன. ஒன்றில் வீட்டுக் கூரை உயரத்துக்கு ஒரு கரட் கிழங்குச் சிலை நின்றது. மற்ற மூன்றிலும் ஆட்கள் விட்டுப்போன வீடுகள். மூன்றையும் வாசலுக்கு வெளியே நின்றுதான் எடுத்திருந்தார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். ஒரே விஷயம் மூன்று தரம் வந்தால் காரணம் கேட்காமல் என்னால் இருக்க முடியாது. ஏன் ஒரு படத்தைக்கூட உள்ளே போய் எடுக்கவில்லை என்று பக்கத்தில் நின்ற ஆளைக் கேட்டேன். படங்கள் அவருடையவைதான்.

“உள்ளுக்கு வரச்சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லையே, மாஸ்டர்.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். குள்ளம், அகன்ற தோள், தடித்த விரல்கள். விரி என்ற இடத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மவுண்ட் வெல்லிங்டனில் அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். நீண்ட வார இறுதி வந்தால் பழைய வெள்ளை வான் வண்டியில் தெற்கே புறப்பட்டுவிடுவார். என் மனைவி இறந்த வருடம் அது. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் நானும் கூடப் போகத் தொடங்கினேன்.

இந்த நாட்டில் பாலைவனம் ஏது என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வடதீவின் நடுவில், எரிமலைகளின் காலடியில், காய்ந்த புல்லும் சாம்பல் மணலுமாக ஒரு வெளி இருக்கிறது. நெடுஞ்சாலை அதற்குள்ளால் போகிறது. அந்தச் சாலைக்கே டெசர்ட் ரோட் என்றுதான் பெயர். ஒரு பக்கம் பட்டாளம் சுட்டுப் பழகும் நிலம். வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம், உள்ளே போகாதே என்று பலகை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தரமும் அந்தப் பலகையின் முன்னால் வானை நிறுத்தி, தன் சொந்தக்காரரின் வீட்டுப் பெயர்ப்பலகையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

போகிற வழியெல்லாம் அவருக்கு வேலை இருந்தது. தீரா என்ற ஊரில் தகரத்தில் ஒரு கட்டடம் அளவுக்கு நாய் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்று, “ஐயா, ஒரு படம் எடுக்கட்டோ?” என்று கேட்பார். சற்றுப் பொறுத்துவிட்டு, “ஓமாம்,” என்று, அது சம்மதித்ததாக எனக்குச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். ஓஹாகூனேயில் அந்தப் பெரிய கரட்டிடமும் கேட்டார். சீன உல்லாசப் பயணிகள் அவரைப் படம் எடுத்தார்கள். அவர் அவர்களிடம் போய், கேட்டிருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார். அவர்கள் அழித்தார்கள்.

எல்லோரும் அழிக்கவில்லை. கிடங்கில் ஒருவன், சாப்பாட்டு இடைவேளையில் வாயைத் திறந்துகொண்டு நித்திரையான அவரைக் கைபேசியில் படம் எடுத்துப் பலருக்கும் அனுப்பிவிட்டான். இவர் எழுந்து, அந்தக் கைபேசியைக் கேட்டு வாங்கி, சிமெந்துத் தரையில் வைத்து, ஃபோர்க்லிஃப்டின் இரும்புப் பல்லை அதன்மேல் இறக்கினார். அவன் முஷ்டியால் இவருடைய வாயில் குத்தினான். இவர் அவனுடைய கழுத்தைப் பிடித்து அடுக்கி வைத்திருந்த பெட்டிகளோடு சேர்த்து அழுத்தினார். நாலு பேர் சேர்ந்துதான் விடுவித்தார்களாம். இரண்டு கிழமை வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். உடைந்த தன் பல்லை ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருந்தார். அதை எனக்குக் காட்டும்போது குரலில் வருத்தமே இல்லை.

வீடுகளிடம் கேட்பது வேறு விதமாக இருக்கும். கைவிட்ட பண்ணை வீடோ, மூடிப்போன தபால் நிலையமோ, எதுவானாலும் வெளிவாசல் கேற்றடியில் நின்றுவிடுவார். கேற் இல்லாவிட்டால் கேற் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நிற்பார்.

“வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!”

யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அதை அந்த வெட்டவெளியில், இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரியும் வெள்ளைக்காரரும் குடியிருந்துவிட்டுப் போன மரவீடுகளைப் பார்த்துக் கூப்பிடுவார். மூன்று தரம். ஒவ்வொன்றுக்கும் இடையில், படுக்கையில் கிடக்கிற ஒரு நோயாளி எழுந்து வாசலுக்கு வந்து சேரக்கூடிய நேரம் விடுவார். குளிரில் என் முழங்கால் நோகும். ஒருதரம், உள்ளே எலிகூட இருக்காது, எடுத்துவிட்டு வாரும் என்று எரிச்சலோடு சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதில் வராவிட்டால் வாசலிலிருந்து ஒரே ஒரு படம். உள்ளே காலெடுத்து வைத்ததே இல்லை.

ஒரு முறை பதில் வந்தது. ஆளில்லை என்று நாங்கள் நினைத்த வீட்டின் பின்பக்கத்திலிருந்து இரண்டு நாய்களும் துவக்கோடு ஒரு கிழவனும் வந்தார்கள். கிழவன் வானத்தை நோக்கிச் சுட்டான். ஒரு நாய் இவருடைய பின்னங்காலைக் கவ்வி உதறியது. நான் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். இவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து ஏறினார். சப்பாத்துக்குள் இரத்தம் சளசளத்தது. முகத்தைப் பார்த்தால் பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம்.

“பதில் வந்தது, மாஸ்டர். கண்டனீங்களே? ஆள் இருக்கிறார்!”

இந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயத்தோடு யோசித்தேன்.

இன்னொரு நாள் மூன்று இளைஞர்கள் எங்களுக்கு முன்பே ஒரு வீட்டு வாசலில் நின்றார்கள். கையில் விலையுயர்ந்த கமராக்கள். படத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ஒருவன் கதவை உதைத்தான். கதவு பிணைச்சலோடு உள்ளே விழுந்தது. இவர் ஓடியதை நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது அந்த இளைஞனின் முகம் பலகைச் சுவரில் அழுந்தியிருந்தது, மூக்கிலிருந்து இரத்தம் வந்தது, இவர் அவனுடைய காதுக்குள் தமிழில் கத்திக்கொண்டிருந்தார். “உள்ளுக்கு ஆள் கிடந்தால்? கிடந்தால் என்ன செய்வாய்?” அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. நான்தான் இழுத்து எடுத்தேன். போகிற வழியில் அவருக்கு நாகரிகத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தேன். கையால் எதையும் தீர்க்கக் கூடாது என்றேன். தலையை ஆட்டிக் கேட்டார்.

அதன் பிறகு நாலு மாதத்தில் நான் அவரை அடித்தேன்.

வையூருவைத் தாண்டி ஒரு பக்கச் சாலையில், ரயில்பாதைத் தொழிலாளர்களுக்கு ஒருகாலத்தில் கட்டிய வீடு. முன்படி உளுத்துப்போயிருந்தது. நண்பகல். அவர் கமராவின் மூன்றுகால் ஸ்டாண்டை என் கையில் தந்துவிட்டுக் கூப்பிட்டார். இரண்டாம் தரம் கூப்பிட்டபோது தூரத்தில் பட்டாளம் சுடத் தொடங்கியது. பெரிய குண்டுகள். சத்தம் காலடி மண்ணுக்குள்ளால் வந்தது. மூன்றாம் தரம் அவர் கூப்பிடவில்லை. படிக்கட்டில் குந்திவிட்டார்.

“மாஸ்டர், நான் ஒருக்கா கூப்பிடாமல் ஒரு வீட்டுக்குள்ள போனனான்,” என்றார்.

யாழ்ப்பாணத்தில் சண்டை நெருங்கி, சனமெல்லாம் மழையில் ஊரைவிட்டு வெளியேறிய மூன்றாம் நாளாம். தங்கியிருந்த இடத்தில் அரிசி இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வெறும் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கிறார். ஒரு வீட்டின் பின்கதவு திறந்து கிடந்தது. குசினியில் அரை மூட்டை அரிசி இருந்தது. தூக்கித் தோளில் வைக்கும்போது அறைக்குள்ளிருந்து ஒரு கிழவரின் குரல் கேட்டதாம்.

“தம்பி, வந்திட்டியே? வண்டி கொண்டு வந்தனியே?”

இவர் அசையாமல் நின்றார். குரல் திரும்பவும் கேட்டது. இவர் பதில் சொல்லவில்லை. மூட்டையோடு ஓடினார். சந்தியைத் தாண்டும்போது பின்னால் ஷெல் விழுந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டுக்குக் கூரை இல்லை.

“அப்பதான் கேற்றடியில நிண்டு கூப்பிட்டனான், மாஸ்டர். வீட்டுக்காரர், வீட்டுக்காரர் எண்டு. அப்ப கூப்பிட்டு என்ன? அந்த ஊர் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அது...”

ஊரின் பெயரை அவர் சொல்வதற்குள் ஸ்டாண்டால் முகத்தில் அடித்தேன்.

ஒரு தரம் என்று எழுதத்தான் கை போகிறது. இரண்டு தரம் அடித்தேன். முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அவர் நிமிர்ந்து, என்னவோ கேட்க வாயைத் திறந்தார். பெயர்தான் வருகிறது என்று நினைத்தேன். இரண்டாவது அடியில் ஸ்டாண்டின் கால் கண்ணுக்குள் போனது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

காரணம் இதுதான். அதே இடப்பெயர்வில் நானும் என் தகப்பனாரை அறைக்குள் விட்டுவிட்டுப் போனேன். நடக்க முடியாதவர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வண்டி கொண்டு வாறன் ஐயா என்று சொன்னேன். வண்டி கிடைத்தது. அதில் என் மனைவியும் பிள்ளையும் புத்தகப் பெட்டிகள் இரண்டும் ஏறின. திரும்பிப் போக வழி இருக்கவில்லை என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். மற்ற எல்லோருக்கும், ஐயா அதற்கு முதல் மாதமே நித்திரையில் போய்விட்டார் என்றேன். என் மகளுக்கும் அதுதான் தெரியும்.

வானை நான் ஓட்டினேன். அவர் சட்டையைக் கழற்றி முகத்தில் பொத்திக்கொண்டிருந்தார். பின்னால் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் அடித்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் படிவத்தைத் தந்தார்கள். என்ன எழுதுவது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. நானே எழுதினேன்.

கண் போய்விட்டது. ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கி, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். அந்த வலது கண்ணால்தான் அவர் கமராவுக்குள் பார்ப்பார். கமரா அலுமாரிக்குள் போனது. நான் சனிக்கிழமைதோறும் அவருடைய வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி தேத்தண்ணி தருவா. உங்களைப் போல ஒரு அண்ணை ஆருக்குக் கிடைக்கும் என்பா. நான் வாங்கிக் குடித்தேன். ஆறு வருடம்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை. மனைவி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. அவர் குரலைத் தாழ்த்தி, எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார். எதற்கு என்றேன்.

“அந்தக் கிழவரை விட்டிட்டு ஓடினதுக்கு ஆரும் எனக்கு அடிக்கேல்லை, மாஸ்டர். இத்தனை வருசம் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் ஒருத்தர்தான் அடிச்சனீங்கள். அதுக்குப் பிறகு நித்திரை வருது.”

அவர் என்னை நீதிபதியாக வைத்திருந்தார். எனக்கு அது தெரியும் என்பதுதான் உண்மை. ஆறு வருடமும் அவருடைய பார்வையில் அது இருந்தது. அந்த நினைப்பிலேயே அவர் இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. நன்றி என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து குசினி வாசலில் நின்று, இருவருக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டாண்ட், படிவம், என் ஐயா, வண்டி, புத்தகப் பெட்டிகள்.

மனைவியின் கையில் கத்தி அப்படியே நின்றது.

“ஆறு வருசமா என்ர கையால தேத்தண்ணி குடிச்சனீங்கள்,” என்றா. பிறகு மீன் சட்டியைத் தூக்கி என் நெஞ்சில் எறிந்தா. செதிலும் இரத்தமும் சட்டையெல்லாம் வழிந்தன. நான் துடைக்கவில்லை.

அவர் கதிரையை விட்டு எழவில்லை. இருந்தபடியே கேட்டார்.

“அப்ப, கள்ளனுக்கு எண்டு அடிக்கேல்லையோ?”

“இல்லை,” என்றேன்.

“ம்,” என்றார்.

திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்தேன். ஒரு இளம் பெண் பொலிஸ் அதை வாசித்துவிட்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தார். தான் விழுந்ததாகவும் மாஸ்டர் வயதானவர் என்றும் அவர் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்து, உங்களைக் கூட்டிப்போக வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று, மறதி நோய்க்காரரிடம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார். நான் நடந்தே ரயிலுக்குப் போனேன்.

இரண்டு கிழமை கழித்து அவர் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அந்த வீட்டுக்குப் போவோம் என்றார். அவ்வளவுதான்.

நான் ஓட்டினேன். அவர் மடியில் கமராப் பை. ஸ்டாண்டையும் கொண்டுவந்திருந்தார். தீராவில் தகர நாயின் முன்னால் வேகத்தைக் குறைத்தேன். நேரே போங்கோ என்றார். குண்டுப் பலகையையும் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டின் ஒரு பக்கம் சரிந்து, வாசலும் முன்சுவரும் மட்டும் நேராக நின்றன. அன்றைக்குச் சூட்டுச் சத்தம் இல்லை. காற்று மட்டும் இருந்தது.

“கூப்பிடுங்கோ, மாஸ்டர்.”

நான் படியில் நின்று, வீட்டுக்காரர் என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாக என்றார். இரண்டாம் தரம் கூப்பிட்டேன். ஒரு நோயாளி எழுந்து வரக்கூடிய நேரம் அவர் என்னை நிற்க வைத்தார். மூன்றாம் தரம் வாயைத் திறந்தபோது, வந்த சொல் வீட்டுக்காரர் இல்லை. “ஐயா” என்றுதான் வந்தது. ஒருமுறை வந்தது நிற்கவில்லை.

அவர் காத்திருந்தார். பிறகு உங்கட ஊர் எது என்று கேட்டார். சொன்னேன்.

“இல்லை,” என்றார். தான் அரிசி எடுத்த ஊரின் பெயரைச் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து அது பதினாலு மைல்.

“உங்கட ஐயா இல்லை, மாஸ்டர். அது வேற ஆரோ ஒருத்தற்ர ஐயா. வண்டி கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனது நீங்கள் மட்டும் எண்டு நினைச்சீங்களோ?”

அந்தக் கிழவர் என் ஐயாதான் என்று ஆறு வருடம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒரு ஆறுதலும் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கள்ளனாகவாவது ஒருவர் அவருடைய குரலைக் கேட்டார் என்ற ஆறுதல். எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், ஐயா யாரிடம் என்ன கேட்டார், எனக்குத் தெரியாது. தெரிந்த ஆளும் இல்லை.

அவர் ஸ்டாண்டைக் கையில் எடுத்தார். கைப்பிடியைப் பிடித்த விதத்தைப் பார்த்து, அடி விழப்போகிறது என்று நினைத்தேன். விலகவில்லை. விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் அதன் மூன்று கால்களையும் விரித்து மண்ணில் ஊன்றினார். கமராவைப் பூட்டினார். பழக்கத்தில் வலது பக்கம் குனிந்து, நிமிர்ந்து, இடது கண்ணை வைத்தார்.

நான் காத்திருந்தேன். தகர நாயிடமும் கரட்டிடமும் இடிந்த சுவர்களிடமும் கேட்ட அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். ஓம் என்று சொல்ல என் வாய் தயாராக இருந்தது.

அவர் கேட்காமலே எடுத்தார்.